பாம்பு முட்டையை இன்குபேட்டருக்கு மாற்றுவது: வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சித்திரை, வைகாசி வந்தால் பாம்பு மீட்புக்குப் போகிறவர்களுக்கு வரும் அழைப்புகள் மாறிவிடும். "வீட்டுக்குள் பாம்பு" என்பதோடு "செங்கல்லை எடுத்தோம், அடியில் வெள்ளை வெள்ளையாக முட்டை" என்பதும் சேர்ந்துகொள்ளும். மணலியில் காயலான் கடை, மாதவரத்தில் மாட்டுக்கொட்டகை, எர்ணாவூரில் பாதியில் நிற்கும் கட்டடம், கொடுங்கையூரில் வடிகாலுக்குத் தோண்டிய பள்ளம் என்று இடம்தான் வேறு. கேட்கும் கேள்விகள் ஒன்றுதான். வனத்துறையோடு சேர்ந்து மீட்பு வேலை செய்யும் தன்னார்வலன் என்ற முறையில் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். முதல் பகுதி முட்டையைக் கண்டவர்களுக்கு. பின்பகுதி, அனுமதி பெற்ற மையங்களில் இன்குபேட்டர் (சூட்டையும் ஈரத்தையும் அளவாக வைத்து முட்டையைப் பொரிக்கவைக்கும் பெட்டி) வேலை பழகும் புதியவர்களுக்கு.

முட்டையைப் பார்த்துவிட்டோம். முதலில் என்ன செய்வது?

கையை எடுங்கள். எடுத்த செங்கல்லையோ பலகையையோ முட்டை மேல் விழாமல் மெதுவாகத் திரும்ப வையுங்கள், அல்லது அட்டை ஒன்றால் நிழல் கொடுங்கள். வேலை நடக்கும் இடமாக இருந்தால் ஜேசிபியை நிறுத்தச் சொல்லுங்கள். பிள்ளைகளையும் நாயையும் தள்ளி நிறுத்திவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். எண் கைவசம் இல்லையென்றால் 101-க்கு அழைத்தால் தீயணைப்புத் துறையினர் உதவுவார்கள். மீஞ்சூர், பொன்னேரி பக்கம் இருப்பவர்கள் திருவள்ளூர் மாவட்ட வனத்துறையிடம் சொல்ல வேண்டும்.

தள்ளி நின்று போட்டோ எடுத்து வைத்தால் பெரிய உதவி. முட்டைக்குப் பக்கத்தில் கையை வைத்து அளவு காட்ட வேண்டாம். தாய்ப்பாம்பு அங்கேயே சுருண்டிருக்கலாம்.

இது பாம்பு முட்டைதான் என்று எப்படித் தெரியும்?

சுவிட்சு போர்டுக்குப் பின்னாலும் அலமாரி மூலையிலும் இரண்டு இரண்டாக, உருண்டையாக, கெட்டியான ஓட்டோடு ஒட்டியிருப்பது பல்லி முட்டை. இதற்கு யாரையும் கூப்பிட வேண்டாம். தோட்டத்து மண்ணுக்குள் சுண்டுவிரல் நுனி அளவில் மெத்தென்று இருப்பது பெரும்பாலும் ஓணான் முட்டை. பாம்பு முட்டை நீளவாக்கில் இருக்கும். ஓடு கோழி முட்டைபோல உடையாது, தோல்போல வளையும். பெரும்பாலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கொத்தாகக் கிடக்கும்.

எந்தப் பாம்பின் முட்டை என்று பார்த்துச் சொல்ல முடியுமா?

முட்டையை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. யாராவது போட்டோவைப் பார்த்து "சாரைதான், பயமில்லை" என்றால் நம்பி கை வைக்காதீர்கள். நல்லபாம்பு முட்டையும் சாரை முட்டையும் பார்வைக்கு அவ்வளவு நெருக்கம்.

நம் பக்கம் முட்டையிடும் பாம்புகளில் அடிக்கடி பார்ப்பவை சாரை, நல்லபாம்பு, கட்டுவிரியன், தண்ணீர்ப்பாம்பு, கொம்பேறிமூக்கன், ஓநாய்ப்பாம்பு. நல்லபாம்பு பத்திலிருந்து முப்பது வரை இடும். சாரையும் கட்டுவிரியனும் பெரும்பாலும் ஆறிலிருந்து பதினைந்துக்குள். கொசஸ்தலை ஆற்றோரம், ரெட்டேரி, கொரட்டூர் ஏரிப்பக்கம் மார்கழி முதல் பங்குனி வரை பெரிய கொத்தாகச் சின்னச் சின்ன முட்டைகள் கிடைத்தால் தண்ணீர்ப்பாம்பை நினைக்கலாம். அது சில சமயம் ஐம்பதுக்கும் மேல் இடும். கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், மண்ணுளி, பச்சைப்பாம்பு ஆகியவை முட்டையிடுவதில்லை, குட்டி போடும். ஆகவே "கண்ணாடி விரியன் முட்டை" என்று வாட்ஸ்அப்பில் வந்தால் அது தவறு.

முட்டையை எடுத்தால் தாய்ப்பாம்பு தேடி வந்து பழிவாங்குமா?

பழிவாங்காது. சாரை பெரும்பாலும் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். நல்லபாம்பு, கட்டுவிரியன், தண்ணீர்ப்பாம்பு இவற்றின் பெண் பாம்புகள் முட்டையோடு தங்குவது உண்டு. அதனால்தான் கை வைக்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம். கட்டுவிரியன் பகலில் சோம்பிக் கிடப்பதுபோல் தெரியும். அதன் கடி பல நேரம் வலிக்காது, வீங்காது, ஆனால் மூச்சை நிறுத்திவிடும்.

கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 108-ஐ அழையுங்கள், அல்லது நேராக ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போங்கள். பாம்பைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியதில்லை.

நாங்களே வீட்டில் வைத்துப் பொரிக்கலாமா? யூடியூபில் சுலபமாகக் காட்டுகிறார்களே?

கூடாது. 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் ஊர்வன என்றால் அவற்றின் முட்டையும் சேர்த்தி. காட்டு ஊர்வனவற்றின் முட்டையைச் சேதப்படுத்துவதும், முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் வேட்டையாடுவதற்குச் சமமாகவே அதில் வரையறுக்கப்பட்டிருக்கிறது. 2022 திருத்தத்துக்குப் பின் நல்லபாம்பும் சாரையும் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அந்த அட்டவணை உயிரினங்களுக்கு எதிரான குற்றத்துக்கு 3 முதல் 7 ஆண்டு வரை சிறை உண்டு. மீட்பு செய்கிறவர்களும் வனத்துறை சொல்லாமல் எடுக்கக் கூடாது.

யூடியூபில் காட்டுவது பெரும்பாலும் வெளிநாட்டில் பண்ணையில் வளர்க்கும் பாம்புகளின் முட்டை. அதையும் இதையும் ஒன்றாக நினைக்க வேண்டாம். அதே நேரம், வேலையில் தெரியாமல் கடப்பாரை பட்டுக் கூடு கலைந்துவிட்டது என்றால் பயந்து மண்ணைப் போட்டு மூடிவிடாதீர்கள். உடனே சொன்னால் மிச்சமிருக்கும் முட்டைகளைக் காப்பாற்ற முடியும்.

அப்படியே விட்டுவிட்டால் தானாகப் பொரிக்காதா?

பொரிக்கும். பெரும்பாலான நேரத்தில் அதுதான் சரியான முடிவும்கூட. தாய் தேர்ந்தெடுத்த இடத்தைவிட நல்ல இன்குபேட்டரை நாம் செய்துவிட முடியாது. கறையான் புற்றின் உள்ளே, மக்கிய வைக்கோலுக்கு அடியில், கட்டட இடிபாட்டின் ஆழத்தில் ஈரமும் சூடும் அளவாக நிற்கும். வெளியே நெருப்பாகக் கொளுத்தினாலும் ஓரடி மண்ணுக்குக் கீழே பகல் சூட்டின் ஏற்றஇறக்கம் பெரிதும் அடங்கிவிடும்.

மாதவரத்தில் ஒரு மாட்டுக்காரக் குடும்பம் வைக்கோல் போரின் அந்த மூலையை மட்டும் இரண்டு மாதம் தொடாமல் விட்டது. நாலு கம்பு நட்டு, பழைய சேலையைச் சுற்றிக் கட்டி, பிள்ளைகளிடம் சொல்லி வைத்தார்கள். என்னைக் கேட்டால் எந்த இன்குபேட்டரும் அதற்கு ஈடில்லை. இடத்துக்குச் சொந்தக்காரர் பொறுத்துக்கொள்ள முடிந்தால், கூட்டைத் தொடாமல் விடச்சொல்லித்தான் முதலில் கேட்போம்.

மாற்றியே ஆக வேண்டிய சமயங்களும் உண்டு. அஸ்திவாரம் தோண்டி வெளியே வந்துவிட்ட முட்டை, தண்ணீர் ஏறப்போகும் பள்ளத்தில் கிடப்பவை, வெயிலில் திறந்து கிடப்பவை, குடியிருக்கும் வீட்டுக்குள் நல்லபாம்போ கட்டுவிரியனோ இட்டவை. அங்கேதான் இன்குபேட்டர் வேண்டும்.

முட்டையைத் திருப்பக் கூடாது என்கிறீர்களே, ஏன்? கோழி திருப்பிக்கொண்டுதானே இருக்கிறது?

கோழி முட்டைக்குள் மஞ்சள் கருவை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டிருக்கும் முறுக்கிய வெள்ளை இழைகள் உண்டு. உடைத்து ஊற்றும்போது பார்த்திருப்பீர்கள். முட்டை உருண்டாலும் கரு மேல்பக்கமாகவே வந்து நிற்கும். திருப்பாவிட்டால்தான் அது ஓட்டோடு ஒட்டிக் கெட்டுப்போகும். பாம்பு முட்டையில் அந்த இழைகள் கிடையாது. இட்ட ஓரிரு நாளுக்குள் கருவின் சவ்வுகள் மேல்பக்க ஓட்டோடு ஒட்டிக்கொண்டு, அங்கிருந்துதான் கரு மூச்சு வாங்குகிறது. அதன்பின் தலைகீழாக்கினால் சவ்வு கிழியலாம், கனமான மஞ்சள் கரு மேலே வந்து கருவை அழுத்தலாம்.

முதலை, ஆமை முட்டைகளில் இந்தச் சேதம் மிகக் கடுமையானது. பாம்பு முட்டை அவற்றைவிடக் கொஞ்சம் தாங்கும், ஏனென்றால் தாயின் வயிற்றுக்குள்ளேயே கரு ஏறத்தாழ கால்பங்கு வளர்ந்தபிறகுதான் பாம்பு முட்டையிடுகிறது. அதனால் "ஒருதடவை உருண்டது, ஆனாலும் பொரித்தது" என்று யாராவது சொன்னால் அது பொய்யில்லை. அதற்காக நாம் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை. இட்டு ஒரு மணிநேரம் ஆனதா, ஒரு வாரம் ஆனதா என்பது நமக்குத் தெரியாது. எல்லா முட்டையையும் பழைய முட்டையாகவே நினைத்துக் கையாளுங்கள். உருண்டுவிட்ட முட்டையையும் தூக்கிப் போடாதீர்கள். எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று தெரிந்தால் அப்படியே வையுங்கள், தெரியாவிட்டால் கிடக்கிறபடியே வையுங்கள்.

சரி, எடுக்கும்போது என்ன வரிசையில் செய்ய வேண்டும்?

முதலில் தாய் இருக்கிறதா என்று கொக்கியால் சுற்றிலும் பார்க்க வேண்டும். அதைப் பயிற்சி பெற்றவர்தான் செய்ய வேண்டும். பிறகு கூட்டின் ஆழம், மண்ணின் ஈரம், சூடு மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். முட்டைகளுக்கு நடுவே தெர்மாமீட்டரின் கம்பியை வைத்து எடுக்கும் அளவுதான் பின்னால் பெட்டியை அமைக்க வழிகாட்டும். நிறையப் பேர் அவசரத்தில் இதை விட்டுவிடுகிறார்கள்.

அப்புறம் ஒவ்வொரு முட்டையின் உச்சியிலும் மெத்தென்ற பென்சிலால் சின்னக் குறி போடுங்கள். ஸ்கெட்ச் பேனா, மார்க்கர் வேண்டாம். ஓடு துளைகள் உள்ளது, மை உள்ளே இறங்கும். கை கழுவி, புதுக் கையுறை போட்டு, முட்டையைக் கிள்ளி எடுக்காமல் கீழே விரல்களைக் கொடுத்துத் தூக்குங்கள். ஈரமாக்கிய வெர்மிகுலைட்டோ (ஈரத்தைப் பிடித்துவைக்கும் லேசான கனிமத் துகள்) கூட்டின் மண்ணோ பரப்பிய டப்பாவில் விரலால் குழி செய்து, குறி மேலே இருக்கும்படி பாதி புதைய வையுங்கள். சுற்றிலும் ஈரப் பஞ்சு கொடுத்தால் ஆடாது. டப்பாவில் தேதி, நேரம், இடம், எண்ணிக்கை எழுதாமல் வண்டியில் ஏற்றாதீர்கள்.

முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. பிரிக்கலாமா?

ஓடு இன்னும் ஈரப்பசையோடு இருந்து, லேசாகத் தொட்டதும் விட்டால் பிரிக்கலாம். காய்ந்து ஒட்டிவிட்டால் கொத்தாகவே தூக்குங்கள், கொத்தாகவே வையுங்கள். இழுத்தால் ஓடு கிழியும். நடுவில் ஒரு கெட்ட முட்டை இருந்தாலும் பரவாயில்லை.

வண்டியில் கொண்டுபோகும்போது?

எண்ணூர் நெடுஞ்சாலையிலும் மணலி சாலையிலும் கண்டெய்னர் லாரி வரிசையில் மாட்டினால் ஒரு மணிநேரம் நகராது. மூடிய காருக்குள் வெயிலில் ஏறும் சூடு ஒரு ஈட்டு முட்டை முழுவதையும் அவித்துவிடப் போதும். ஆகவே விடிகாலையிலோ பொழுது சாய்ந்தோ எடுத்துப் போங்கள். பகலில்தான் முடியும் என்றால் காசிமேட்டில் மீன் வைக்கும் தெர்மாகோல் பெட்டி நல்ல காப்பு: நன்றாகக் கழுவிக் காயவைத்து, அதற்குள் முட்டை டப்பாவை வையுங்கள். ஐஸ் போட வேண்டாம். சூடு 26-லிருந்து 30 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால் போதும்.

பைக்கின் பின்சீட்டில் கட்டுவதைவிட ஆட்டோவில் மடியில் வைத்துப்போவது மேல். வேகத்தடைகளைப் பார்த்து ஓட்டச் சொல்லுங்கள்.

நாட்டுக்கோழிக்கு வாங்கிய இன்குபேட்டர் இருக்கிறது. அதில் வைக்கலாமா? அடைக்கோழிக்கு அடியில் வைத்தால்?

இரண்டும் கொன்றுவிடும். கோழி இன்குபேட்டர் 37.5 டிகிரியில் ஓடும். தானியங்கி என்றால் நாளுக்குப் பலமுறை திருப்பவும் செய்யும். பாம்பு முட்டைக்கு அந்தச் சூடும் ஆகாது, அந்தத் திருப்பலும் ஆகாது. அடைக்கோழியும் அதே வேலையைத்தான் செய்யும்.

இன்குபேட்டரில் எத்தனை டிகிரி வைக்க வேண்டும்?

இந்தப் பக்கத்தில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இந்த ஒன்றைத்தான். சாரை, நல்லபாம்பு போன்ற நம் ஊர்ப் பாம்புகளுக்கு 28-லிருந்து 30 டிகிரி. கூட்டில் எடுத்த அளவு கையில் இருந்தால் அதை ஒட்டியே வையுங்கள். இன்குபேட்டர் பற்றிக் கிடைக்கும் வழிகாட்டிகள் எல்லாம் குளிர்நாட்டில் எழுதியவை. அங்கே அறை 20 டிகிரி, பெட்டியைச் சூடாக்கினால் முடிந்தது. அதைப் படித்துவிட்டு இங்கே ஹீட்டரும் பல்பும் வாங்குகிறார்கள். தண்டையார்பேட்டையில் மே மாதம் தகரக் கூரைக்குக் கீழே, ஒட்டுக் கட்டடத்தின் மேல்மாடியில், அறையே 35-ஐத் தாண்டி நிற்கிறது. நம் ஊரில் இன்குபேட்டரின் முதல் வேலை குளிர்விப்பது.

சூடு குறைந்தால் முட்டை மெதுவாக வளரும், சில நாள் தள்ளிப் பொரிக்கும், பெரும்பாலும் அவ்வளவுதான். சூடு கூடினால் அப்படியில்லை. 32-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் முதுகெலும்பு கோணிய குஞ்சுகள், முழுதாக வளராமல் முந்திப் பொரிக்கும் குஞ்சுகள், ஓட்டுக்குள்ளேயே செத்தவை என்று வரத் தொடங்கும். இரண்டில் ஒரு பக்கம் தவறத்தான் வேண்டும் என்றால் குளிர்ச்சியின் பக்கம் தவறுங்கள்.

இதற்கு ஏற்ற ஏற்பாடு குளிர்விக்கவும் சூடாக்கவும் தெரிந்த பெட்டி. பழைய சின்ன ஃப்ரிட்ஜ் ஒன்றில், குளிர்விப்பது, சூடாக்குவது இரண்டையும் தானாகக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் பொருத்தினால் நன்றாக வேலை செய்யும். உள்ளே தண்ணீர் நிரப்பிய பாட்டில்களை அடுக்கினால் சூடு சட்டென்று ஏறாது, இறங்காது. கதவைத் திறந்து மூடினாலும் நிலை குலையாது. கீழ்த்தளத்தில், மேற்கு வெயில் விழாத அறையைத் தேர்ந்தெடுங்கள்.

தெர்மாமீட்டர் இரண்டு வேண்டும், இரண்டின் முனையும் முட்டை மட்டத்தில் இருக்க வேண்டும். நொறுக்கிய ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் கலந்த டம்ளரில் முனையை விட்டுப் பாருங்கள்; சுழியம் காட்ட வேண்டும். எவ்வளவு தள்ளிக் காட்டுகிறதோ அதை டேப்பில் எழுதி அதன்மேலேயே ஒட்டி வையுங்கள். முட்டை வைப்பதற்கு முன் பெட்டியை வெறுமனே இரண்டு மூன்று நாள் ஓடவிட்டு, நடுப்பகலிலும் விடிகாலையிலும் பாருங்கள். முட்டை வந்தபிறகு பெட்டியைச் சரிசெய்ய உட்காருவது எந்த மையத்திலும் நடக்கக் கூடாது. சித்திரைக்கு முன்பே இது தயாராக இருக்க வேண்டும்.

எதில் புதைப்பது? எவ்வளவு தண்ணீர்?

வெர்மிகுலைட் நர்சரிக் கடைகளில் கிடைக்கும். எடைக்கு எடை தண்ணீர் சேர்த்தால் சரியாக வரும். கையில் அள்ளி அழுத்தினால் பிடி நிற்க வேண்டும், சொட்டக் கூடாது. தென்னைநார்த் தூளும் பயன்படும், ஆனால் அதில் உப்பு இருக்கும்; பலமுறை அலசிப் பிழிந்தபிறகே போடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் வடசென்னைக்காரர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். திருவொற்றியூர் தொடங்கி மீஞ்சூர் வரை கடல்நீர் நிலத்தடியில் ஏறி, நிறைய போர்த் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. உப்புநீரில் நனைத்த வெர்மிகுலைட் ஈரமாகத்தான் தெரியும். ஆனால் முட்டையால் அந்த ஈரத்தை உறிஞ்ச முடியாது, முட்டையில் இருப்பதும் வெளியேறும். மெட்ரோ தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து ஊற்றுங்கள், இல்லையென்றால் கேன் தண்ணீர்.

டப்பாவின் மூடியில் இரண்டு மூன்று சிறு துளை போதும். வாரம் ஒருமுறை மூடியை நன்றாகத் திறந்து காற்று மாற்றுங்கள். முட்டை வைத்த அன்றே டப்பாவை எடை போட்டுக் குறித்துவிட்டால், பிறகு எவ்வளவு எடை குறைகிறதோ அவ்வளவு தண்ணீர் ஓரமாக விட்டால் போதும். முட்டை மேல் தெளிக்கவே கூடாது. மூடியில் திரளும் நீர்த்துளி முட்டையில் சொட்டாதபடி மூடியைச் சற்றுச் சாய்த்து வையுங்கள்.

கூமுட்டையை எப்படிக் கண்டுபிடிப்பது?

இருட்டறையில், முட்டையைத் தூக்காமல், சின்ன எல்ஈடி டார்ச்சை ஓரமாக ஒட்டிப் பிடியுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாகவும் நரம்புகள் ஓடுவதாகவும் தெரிந்தால் உயிர் இருக்கிறது. வெறும் மஞ்சளாக, நரம்பே இல்லாமல் இருந்தால் சந்தேகம்தான். சின்னதாக, கெட்டியாக, ஆரம்பத்திலேயே மஞ்சள் நிறத்தில் இருப்பவை பெரும்பாலும் கூமுட்டை. ஒருமுறை பார்த்ததை வைத்து எறிந்துவிடாதீர்கள். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து மறுபடி பாருங்கள்.

பூஞ்சை பிடிக்கிறது. சுருங்கிப்போகிறது. என்ன செய்ய?

உயிருள்ள முட்டை பூஞ்சைக்கு நன்றாகவே ஈடுகொடுக்கும். லேசாகப் படர்ந்தால் உலர்ந்த பஞ்சால் ஒற்றி எடுங்கள். ஒரு முட்டை ஒழுகி, நாற்றமடித்து, சுலபமாகக் கழன்று வந்தால் அகற்றுங்கள். ஒட்டியிருந்தால் பிய்க்க வேண்டாம்.

சுருக்கம் எப்போது வந்தது என்பதுதான் முக்கியம். முதல் சில வாரத்தில் குழி விழுந்தால் ஈரம் பற்றவில்லை. ஓரமாகத் தண்ணீர் விட்டால் ஓரிரு நாளில் உப்பி வரும். கடைசி வாரங்களில் எல்லா முட்டையும் ஒன்றுபோலத் தளர்ந்து குழி விழுந்தால் பொரிக்கப்போகிறது என்று அர்த்தம். அப்போது பதறிப்போய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

கரண்ட் போனால்?

தண்ணீர் பாட்டில்கள் நிறைந்த பெட்டி சில மணிநேரம் தாங்கும், திறக்காமல் இருந்தால். அதற்கு மேல் இன்வெர்ட்டர் வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை, தெருவெல்லாம் வெள்ளம். அப்படிப்பட்ட நேரத்தில் குளிர்காலமானதால் முட்டைக்குச் சூட்டு ஆபத்து குறைவு, வெள்ளம்தான் ஆபத்து. டப்பாக்கள் தரையிலிருந்து உயரத்தில் இருக்கட்டும்.

மே மாதத்தில் நீண்டநேரம் போனால், ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் டப்பாவை வைத்துக் காற்றோட்டமான நிழலில் வையுங்கள்.

எத்தனை நாளில் பொரிக்கும்? சூட்டைப் பொறுத்து ஆண், பெண் மாறுமா?

நல்லபாம்பும் சாரையும் பொதுவாக இரண்டு மாதத்தை ஒட்டிப் பொரிக்கும். சூட்டைப் பொறுத்து ஓரிரு வாரம் முன்பின் ஆகலாம். ஆண், பெண் மாறாது. அது கடலாமைக்கும் முதலைக்கும் உள்ள வழக்கம். பாம்பில் குரோமோசோமே தீர்மானிக்கிறது.

குஞ்சு தலையை நீட்டிக்கொண்டு வெளியே வராமலே இருக்கிறது. உதவலாமா?

வேண்டாம், வேண்டவே வேண்டாம். மூக்கு நுனியில் இருக்கும் முட்டைப்பல்லால் ஓட்டைக் கீறி, தலையை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு ஒருநாள், இரண்டு நாள்கூட இருக்கும். அந்த நேரத்தில்தான் மிச்ச மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. வெளியே இழுத்தால் தொப்புள் கிழிந்து சாகும்.

நல்லபாம்புக் குஞ்சுக்கு ஓட்டை விட்டு வரும்போதே நஞ்சு உண்டு, படமும் எடுக்கும். ஆகவே ஐம்பதாவது நாளிலிருந்தே டப்பா பூட்டியிருக்க வேண்டும், மூடியின் துளை பென்சில் நுழையாத அளவில் இருக்க வேண்டும். இனம் தெரியாத முட்டை என்றால் நஞ்சுள்ளது என்றே வைத்து வேலை செய்யுங்கள்.

குஞ்சுகளை எங்கே விடுவீர்கள்? எங்கள் தெருவிலேயா?

எங்கே, எப்போது என்பதை வனத்துறைதான் முடிவு செய்யும். முட்டை கிடைத்த இடத்துக்கு ஒத்த சூழல், முடிந்தவரை அதே வட்டாரம், ஆனால் வீடுகளிலிருந்து தள்ளி என்று பார்ப்பார்கள். பொழுது சாயும் நேரத்தில், ஒரே இடத்தில் கொட்டாமல் பிரித்து விடுவது நல்லது. எங்கோ முன்பின் தெரியாத காட்டில் கொண்டுபோய் விடுவது அவற்றுக்குச் செய்யும் நன்மையில்லை. பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: பொரித்த குஞ்சுகளில் பெரும்பாலானவை காக்கை, கீரி, பூனை, பருந்துக்கு இரையாகிவிடும். தப்பிப் பிழைக்கும் சாரை ஒன்று உங்கள் தெருவின் எலிகளுக்குச் செய்வதை எந்த எலிமருந்தும் செய்யாது.

ஆடி மாதம் புற்றுக்குப் பால் ஊற்றுகிறோம். உள்ளே முட்டை இருந்தால்?

பாம்புகள் கறையான் புற்றுக்குள் முட்டையிடுவது உண்டு; சித்திரை, வைகாசியில் இட்டவை பொரிக்கும் காலமும் ஆடியை ஒட்டித்தான் வரும். குடம் குடமாக ஊற்றினால் பால் உள்ளே இறங்கிப் புளித்து, பூஞ்சையும் எறும்பும் சேரும், முட்டையின் மூச்சும் அடைபடும். அம்மனுக்குச் செய்வதை நிறுத்தச் சொல்லவில்லை. மஞ்சள் குங்குமம் புற்றின் அடிவாரத்தில் வைத்து, பாலை ஒரு கிண்ணத்தில் வைத்துப் படைத்துவிட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். பெரம்பூர், வியாசர்பாடிப் பக்கம் சில தெருக்கோயில்களில் பெரியம்மாக்களிடம் இதைச் சொன்னபோது, "புள்ளத்தாச்சி வீட்ல போய் தண்ணிய ஊத்துவோமா?" என்று அவர்களே மற்றவர்களுக்கு எடுத்துச் சொன்னார்கள்.

நான் பால் பைத்தான் (ball python, ஆப்பிரிக்க மலைப்பாம்பு வகை) வளர்க்கிறேன். அது முட்டையிட்டிருக்கிறது. அதற்கும் இதே முறைதானா?

திருப்பாமல் எடுப்பது, குறி போடுவது, ஈரம் எல்லாம் அதேதான். சூடு மட்டும் வேறு: பால் பைத்தானுக்கு 31 முதல் 32 டிகிரி, ஏறத்தாழ இரண்டு மாதம். ஆனால் பால் பைத்தான், காட்டுயிர்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் (CITES) ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள இனம். வளர்ப்பதையும் குட்டிகள் பிறப்பதையும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024-இல் விதிகள் வந்துவிட்டன. முட்டை இட்ட பிறகு யோசிக்காமல், ஜோடி சேர்ப்பதற்கு முன்பே வனத்துறையிடம் கேளுங்கள். குஞ்சுகளை எக்காரணம் கொண்டும் வெளியே விடக் கூடாது.

முட்டை இல்லை, காலி ஓடுகள்தான் கிடைத்தன. இப்போது வீட்டில் இருபது பாம்பு இருக்குமா?

ஓட்டின் மேல்பக்கத்தில் பிளேடால் கீறியதுபோல் நேர்க்கோடுகள் இருந்தால் குஞ்சுகள் பொரித்துப் போய்விட்டன. எறும்போ கீரியோ தின்ற ஓடு பிய்ந்து தாறுமாறாக இருக்கும். குஞ்சுகள் குடும்பமாகத் தங்குவதில்லை. ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்துவிடும். இரண்டு வாரம் மட்டும் இரவில் டார்ச் இல்லாமல் நடக்க வேண்டாம். செருப்பை உதறிப் போடுங்கள், தரையில் படுப்பவர்கள் கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிக்கொள்ளுங்கள். குளியலறை வடிகாலுக்குக் கம்பிவலை போடுங்கள். ஓடுகள் கிடந்த பொந்தை உடனே சிமெண்ட் வைத்து அடைத்துவிடாதீர்கள். மீட்பு செய்கிறவர் ஒருவர் வந்து உள்ளே பார்த்து, பொரிக்காத முட்டையோ தாயோ இல்லை என்று சொன்னபிறகு அடையுங்கள்.